சேகரித்தவர் பெயர் இருக்கிறது. சொன்னவர் பெயர் எங்கே?

எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மல்லாட்டை பிடுங்கவும், காய் ஆயவும், உடைக்கவும் கூலிக்குப் போகாத பெண்கள் எங்கள் சேரியில் கிடையாது. இந்த மல்லாட்டையைப் பற்றி முந்நூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் அச்சான ஒரு தாவரவியல் புத்தகத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஜமைக்காத் தீவில் இந்தச் செடியைப் பார்த்த ஆங்கில மருத்துவர் அதை எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து ஜமைக்காவுக்கு அடிமைகளை ஏற்றிவரும் கப்பல்களில், வழியில் அவர்களுக்குத் தின்னக் கொடுப்பதற்காக இந்தக் கொட்டை கொண்டுவரப்படுகிறது என்பதே அந்தக் குறிப்பு. அவர் பார்த்த செடி வளர்ந்த தோட்டம் எந்த வெள்ளைக்காரருடையது என்றும் எழுதியிருக்கிறார். கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு உட்கார்ந்து அதைத் தின்றவர்கள் பெயர் இல்லை. கரை சேர்ந்தபின் மண்ணைக் கொத்தி விதை ஊன்றிய கை யாருடையது என்றும் இல்லை.

அந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன். உலகத்தின் பழைய உலர்தாவரத் தொகுப்புகளில் முக்கியமான ஒன்று இவருடையது. தாவரவியல் படித்தவர்களுக்கு 'ஹெர்பேரியம்' என்றால் உடனே புரியும். செடியைப் பூவோடு பறித்து, தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, ஒட்டி, பக்கத்தில் பெயர், இடம், நாள் எழுதி வைப்பது. ஸ்லோன் காலத்தில் இந்தத் தாள்களைத் தனித்தனியாக வைக்காமல் தடித்த புத்தகங்களாகக் கட்டிவிடுவார்கள். அப்படி 265 தொகுதிகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுமார் 1,20,000 செடிகள் அவற்றில் இருப்பதாகக் கணக்கு.

இந்தக் கதையை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அறிவு யாருடையது, அது யார் கணக்கில் எழுதப்படுகிறது என்ற கேள்வி நமக்கு அன்றாடக் கேள்வி. அதற்கு இவ்வளவு தெளிவான சாட்சியம் வேறு இடத்தில் எளிதில் கிடைக்காது. தாள் தாளாக இருக்கிறது.

ஸ்லோன் 1660இல் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் பிறந்தவர். 1687இல் ஜமைக்கா ஆளுநராக நியமிக்கப்பட்ட ஆல்பமார்ல் பிரபுவின் சொந்த மருத்துவராகக் கப்பலேறினார். ஸ்பெயினிடமிருந்து ஜமைக்காவை ஆங்கிலேயர் பறித்தது 1655இல்தான். சர்க்கரைக்காகக் காடுகளை அழித்து, ஆப்பிரிக்கர்களைக் கப்பல் கப்பலாக இறக்கிக்கொண்டிருந்த காலம். ஸ்லோன் அங்கே இருந்தது ஏறக்குறைய 15 மாதங்கள். ஆளுநர் 1688இல் இறந்துபோக, 1689இல் இவர் ஊர் திரும்பினார். திரும்பும்போது சுமார் 800 உலர்ந்த செடிகள் அவரிடம் இருந்தன.

பதினைந்து மாதம். மொழி தெரியாத, மண் தெரியாத, வெயில் தாங்காத ஒரு மனிதர். பகலில் நோயாளிகளையும் பார்க்க வேண்டும். இதற்கிடையில் 800 செடிகளை, அவற்றின் உள்ளூர்ப் பெயர், பயன், எந்த நோய்க்கு எந்தப் பாகம் என்ற விவரத்தோடு ஒரு மனிதர் தனியாகச் சேர்த்திருக்க முடியுமா? முடியாது என்பதற்கு அவர் புத்தகமே சாட்சி.

இரண்டு பெரிய தொகுதிகளாக 1707லும் 1725லும் வந்த அவருடைய ஜமைக்கா நூலைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் கறுப்பின மக்கள் வருகிறார்கள். சனிக்கிழமை மதியமும் ஞாயிற்றுக்கிழமையும் தங்களுக்கென விடப்பட்ட துண்டு நிலங்களில் அவர்கள் பயிர் செய்ததை எழுதுகிறார். கோலாக் கொட்டை மரத்தைப் பற்றிய குறிப்பில், கொரமாண்டி ஆப்பிரிக்கர்கள் அதை 'பிச்சி' என்று அழைப்பதையும், வயிற்றுவலிக்குத் தின்பதையும், விதை கினிக் கப்பல் ஒன்றில் வந்ததையும் பதிவு செய்கிறார். மருத்துவப் பயன் ஆப்பிரிக்கருடையது. பெயர் ஆப்பிரிக்கருடையது. விதையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் குறிப்பில் ஆளாகப் பெயர் சொல்லப்படுவது தோட்டத்துக்காரர்.

இன்னொரு இடம். அந்த ஊரில் காலில் புகுந்து முட்டையிடும் ஒருவகைத் தெள்ளுப்பூச்சி உண்டு. அது ஸ்லோனின் காலிலும் ஏறியது. அதை ஊசியால் நோண்டி எடுத்தவர் ஒரு கறுப்பினப் பெண். தன் நாட்டில் அரசியாக இருந்தவர் என்று ஸ்லோனே எழுதுகிறார். அரசியாக இருந்தவர் என்பது நினைவிருக்கிறது. பெயர் எழுதவில்லை.

அடிமைகள் ஒரு விழாவில் பாடிய பாட்டுகளை இசைக்குறிப்பாகவும் அச்சிட்டிருக்கிறார். கரீபியன் ஆப்பிரிக்க இசைக்குக் கிடைத்த மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. அதைக் குறித்துக் கொடுத்த இசைக்காரர் பாப்டிஸ்ட் என்ற பெயர் இருக்கிறது. பாடியவர்கள் பெயர் இல்லை. செடிக்கு நடந்ததுதான் பாட்டுக்கும் நடந்தது.

இவ்வளவும் கேட்டுக்கொண்ட மனிதர் அவர்களுடைய மருத்துவ அறிவைப் பற்றி என்ன தீர்ப்பு எழுதினார் தெரியுமா? செவ்விந்தியர்களும் கறுப்பின மக்களும் வைத்தியம் தெரியும் என்று பாவனை செய்கிறார்கள், பார்த்தவரையில் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்ற பொருளில் எழுதினார். வெள்ளைக்காரர்களே கறுப்பின வைத்தியர்களைத் தேடிப் போன செய்தியும் அதே புத்தகத்தில் இருக்கிறது. தகவலை வாங்கிக்கொள்வது, தகவல் தந்தவருக்கு அறிவில்லை என்று சொல்லிவிடுவது. இந்த இரண்டும் ஒரே கையால், ஒரே புத்தகத்தில் நடக்கிறது. நமக்கு இது புதிதா?

அதே நூலின் முன்பகுதியில் அடிமைகளுக்குத் தரப்படும் தண்டனைகளின் பட்டியலும் வருகிறது. கலகம் செய்தவர்களைத் தரையோடு ஆணியடித்துக் கைகாலிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாக எரிப்பது. சிறிய குற்றத்துக்குப் பாதி பாதத்தைக் கோடாரியால் வெட்டுவது. வேலையில் சுணங்கினால் சாட்டையடி, பிறகு கிழிந்த தோலில் மிளகும் உப்பும். இலையின் நீள அகலத்தைச் சொல்லும் அதே நிதானமான குரலில் இதையும் சொல்லிப் போகிறார். சில சமயம் அவர்களுக்கு அது தகும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அந்த 800 செடிகள் இந்தச் சாட்டைகளுக்கு நடுவே பறிக்கப்பட்டவை. கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாத மனிதர்களிடம் கேட்டுப் பெற்ற விவரம் அது. அதைச் 'சேகரிப்பு' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

இனி பணம். 1695இல் ஸ்லோன் எலிசபெத் லாங்லி ரோஸ் என்பவரைத் திருமணம் செய்தார். அவர் ஜமைக்காத் தோட்ட முதலாளி ஃபல்க் ரோஸின் மனைவியாக இருந்து கணவரை இழந்தவர். முதல் கணவரின் தோட்ட வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு வந்துகொண்டிருந்தது. அடிமைகள் விளைவித்த சர்க்கரையின் பணம், லண்டனில் செல்வர்களுக்கு வைத்தியம் பார்த்த பணம், இரண்டும் சேர்ந்து ஸ்லோன் உலகம் முழுக்கப் பொருள் வாங்கினார். செடி, சங்கு, பூச்சி, நாணயம், சுவடி என்று எல்லாம். மற்ற சேகரிப்பாளர்கள் இறந்தால் அவர்களுடைய தொகுப்பையும் வாங்கிச் சேர்த்தார். மருத்துவர் கல்லூரியின் தலைவர், பிறகு ராயல் சொசைட்டியின் தலைவர் என்று உயர்ந்தார். 1753இல் தன் 92ஆம் வயதில் இறந்தபோது, வாரிசுகளுக்கு 20,000 பவுண்டு கொடுத்தால் தொகுப்பு முழுவதையும் நாட்டுக்கு விடலாம் என்று உயில் எழுதி வைத்திருந்தார். அதற்காக நாடாளுமன்றம் சட்டம் போட்டது. லாட்டரி நடத்திப் பணம் திரட்டினார்கள். அப்படிப் பிறந்ததுதான் பிரிட்டிஷ் மியூசியம். 1759இல் திறந்தார்கள். செடிகள் மட்டும் பின்னால் பிரிந்து, 1881இல் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனுக்கு ஊரெல்லாம் புகழ் என்பார்களே, அது இதுதான். லண்டனில் அவர் பெயரில் சதுக்கமே இருக்கிறது.

அந்தத் தாள்களில் ஒரு செடியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பள்ளிக்கூட வாசலிலும் ரயில் நிலையத்திலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயில்கொன்றை. ஸ்லோன் இதைக் கரீபியனில் பார்த்தார். கருவைக் கலைக்கும் தன்மை இதற்கு உண்டு என்றும் எழுதினார். ஆனால் இதே செடியைத் தென்னமெரிக்காவின் சூரினாமில் பார்த்த மரியா சிபில்லா மெரியன் என்ற பெண், 1705இல் வெளியிட்ட தன் நூலில் வேறொன்றையும் சேர்த்து எழுதினார். டச்சு எசமானர்களிடம் கொடுமை அனுபவித்த செவ்விந்திய, ஆப்பிரிக்க அடிமைப் பெண்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமையாகப் பிறக்கக் கூடாது என்று இதன் விதையைப் பயன்படுத்தினார்கள் என்பதே அது. அந்தப் பெண்களே தன்னிடம் சொன்னதாக அவர் பதிவு செய்திருக்கிறார்.

ஒரே செடி, இரண்டு பதிவு. ஒன்றில் மருந்தின் குணம் இருக்கிறது. இன்னொன்றில் அதைத் தேட வேண்டிவந்த காரணம் இருக்கிறது. தாய் தன் வயிற்றையே போர்க்களமாக்கிய கதை. வரலாற்றாய்வாளர் லோண்டா ஷீபிங்கர் இந்தச் செடியை வைத்து ஒரு முக்கியமான வாதத்தை முன்வைத்தார். செடி ஐரோப்பாவுக்கு அழகுச் செடியாகப் போய்ச் சேர்ந்தது. அடிமைப் பெண்களின் அந்த அறிவு மட்டும் கப்பலேறவில்லை. எது அறிவாக ஏற்கப்படும், எது வழியிலேயே உதிர்க்கப்படும் என்பதை அதிகாரம் முடிவு செய்கிறது. நம் தெருவில் மயில்கொன்றை பூக்கும்போது அதன் கதை கூடவே வராததற்கு இதுதான் காரணம்.

இதையெல்லாம் பேசினால் உடனே ஒரு பதில் வரும். "அந்தக் காலம் அப்படித்தான். இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதரை அளக்கக் கூடாது." சரி, அன்றைய அளவுகோலாலேயே அளப்போம். ஸ்லோன் கப்பலேறுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1678இல், ஆம்ஸ்டர்டாமில் 'ஹோர்டுஸ் மலபாரிக்குஸ்' நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. கொச்சியிலிருந்த டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த நூல். கேரளத்தின் செடிகளைப் பற்றி 12 தொகுதிகள். அதன் தொடக்கத்திலேயே இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் வாக்குமூலம், அவருடைய கோலெழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. மூன்று கொங்கணிப் பிராமணர்களின் சான்றும் இருக்கிறது. தீண்டாமைக்கு ஆளான சமூகத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயரும் ஊரும் எழுத்தும் அவர்களோடு சேர்ந்து அதே நூலில் நிற்கிறது. வான் ரீட்டும் காலனி அதிகாரிதான், புண்ணியவான் அல்லர். மரமேறிக் கிளை ஒடித்துக் கொண்டுவந்தவர்கள் பெயர் அங்கேயும் இல்லை. ஆனால் பெயர் எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி. எழுதாதது காலத்தின் குற்றமன்று, எழுதியவரின் முடிவு.

பெயர் கிடைத்த ஓர் அடிமையின் கதையும் இருக்கிறது. அதையும் நாம் கவனமாகப் படிக்க வேண்டும். சூரினாமில் கிராமன் குவாசி என்ற ஆப்பிரிக்க வைத்தியர் ஒரு கசப்பு மரத்தின் மருத்துவக் குணத்தைக் கண்டறிந்தார். அது காய்ச்சலுக்குப் பெயர்பெற்ற மருந்தானது. லின்னேயஸ் அந்த மரத்துக்கு 'குவாசியா அமாரா' என்று அவர் பெயரையே வைத்தார். இன்றும் அதுதான் அதன் அறிவியல் பெயர். அடிமையாக இருந்தவரின் பெயர் உலகத் தாவரவியலில் நிலைத்துவிட்டது. பெருமைதான். ஆனால் அதே குவாசி, தப்பியோடிக் காட்டில் விடுதலையாக வாழ்ந்த கறுப்பின மக்களைப் பிடித்துத் தர வெள்ளையருக்குத் துணைநின்றவர். வெள்ளையருக்கு விசுவாசமானவர் என்று பொறித்த மார்புப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தார்கள். காட்டில் சுதந்திரமாக வாழ்ந்த சரமாக்கா மக்களின் வாய்மொழி வரலாற்றில் அவர் துரோகி. ஆதிக்கம் பெயர் கொடுக்கும்போதும் யாருக்குக் கொடுக்கிறது என்று பாருங்கள். விசுவாசத்துக்குப் பதக்கம் தரும் கைகளை இன்றைக்கும் நாம் பார்க்கிறோமே.

இந்தத் தொகுப்பில் நம் ஊரும் இருக்கிறது. 1690களில் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராக இருந்தவர் சாமுவேல் பிரௌன். கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் செடிகளைப் பறித்துக் காயவைத்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக்கடைக்காரர் அவற்றைப் பற்றி ராயல் சொசைட்டி இதழில் எழுதினார். செடிகளுக்கு 'மலபார்' பெயர் கொடுத்தார். அன்றைய ஐரோப்பியர் தமிழைத்தான் மலபார் மொழி என்றார்கள். மரம், கொடி, பூண்டு என்று முடியும் நம் பெயர்கள் ஆங்கில எழுத்தில் தட்டுத்தடுமாறி நிற்கின்றன. எந்தச் செடியை எப்படி அரைத்து, எதற்குக் கொடுப்பார்கள் என்ற விவரமும் கூடவே வருகிறது. இந்தப் பெட்டிவர் அடிமைக் கப்பல்களின் மருத்துவர்களைக் கொண்டே உலகம் முழுக்கச் செடி திரட்டியவர். அவர் 1718இல் இறந்தபின் அவர் தொகுப்பு முழுவதையும் ஸ்லோன் வாங்கிவிட்டார். இப்படி ஜமைக்காவின் அடிமை வயலும் சென்னையின் புறம்போக்கும் ஒரே அலமாரிக்கு வந்து சேர்ந்தன.

அந்தச் சென்னைத் தாள்களில் சேகரித்தவர் பிரௌன். வெளியிட்டவர் பெட்டிவர். உரிமையாளர் ஸ்லோன். 'இதற்குப் பேர் இன்ன பூண்டு, புண்ணுக்கு வைத்துக் கட்டுவோம்' என்று வரப்பில் நின்று சொன்ன வாயின் பெயர் மட்டும் அந்த வரிசையில் இல்லை.

நான் இளங்கலை தாவரவியல் படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். கடைசி ஆண்டில் ஆளுக்கு ஐம்பது தாள் ஹெர்பேரியம் செய்து செய்முறைத் தேர்வில் வைக்க வேண்டும். எனக்குச் செடி காட்டியது என் ஆயா. ஊரில் பிள்ளைப்பேறு பார்த்தவர். ஊர்த்தெருவுக்கும் போவார், புழக்கடை வழியாக. ஏரிக்கரையில் குச்சியை ஊன்றிக்கொண்டு நடந்து, "இது இன்னா தெரியுமாடா?" என்று கேட்டுக் கேட்டுக் காட்டினார். துறையில் அச்சடித்துக் கொடுத்த சீட்டில் குடும்பம், இருசொற்பெயர், வட்டாரப் பெயர், இடம், நாள், சேகரித்தவர் என்று ஆறு கட்டம் இருந்தன. சொன்னவர் என்று ஒரு கட்டம் கிடையாது.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு தாளை எடுத்தார். 'ட்ரைடாக்ஸ் புரோகும்பென்ஸ்'. புத்தகங்களில் கிணற்றடிப்பூண்டு, தாத்தாப்பூ என்றெல்லாம் இருக்கும். நான் ஆயா சொன்னபடி 'வெட்டுக்காயப் பச்சிலை' என்று எழுதியிருந்தேன். அறுவடையில் கையில் அரிவாள் பட்டால் எங்கள் பெண்கள் முதலில் தேடுவது அதைத்தான். கசக்கிச் சாற்றைப் பிழிந்துவிட்டு மறுபடியும் குனிந்து அறுப்பார்கள். தேர்வாளர் சிரித்தார். "புத்தகத்துல இருக்கிற பேரை எழுதுப்பா. சேரிப் பேரு எல்லாம் சயின்ஸ் ஆகுமா?" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தாவரவியலிலேயே கிடைத்தது. அந்தச் செடி நம் மண்ணின் செடியே கிடையாது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவியது. முனிவர் யாரும் சுவடியில் எழுதிவைத்துப் போயிருக்க வழியில்லை. அப்படியானால் வெட்டுக்காயத்துக்கு அது உதவும் என்று யார் கண்டுபிடித்தது? வரப்பில் புதிதாக முளைத்த ஒரு களையை யாரோ பறித்து, முகர்ந்து, கசக்கி, தன் புண்ணிலேயே வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததைப் பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்தவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் இன்னொருத்தியிடம். உற்றுப் பார்ப்பது, சோதிப்பது, ஒப்பிடுவது, பகிர்வது. இதற்கு வேறு பெயர் இருக்கிறதா? ஆப்பிரிக்காவிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்களும் ஜமைக்காவில் இதைத்தான் செய்தார்கள். முன்பின் பார்த்திராத செடிகளுக்கு நடுவே நின்று, உயிர் பிழைப்பதற்காக ஒவ்வொன்றாகச் சோதித்துக் கற்றார்கள். ஸ்லோன் அந்த முடிவுகளை எழுதிக்கொண்டு போனார்.

அறிவு என்பது பிறப்பால் சிலருக்கு வருவது என்ற பொய்யின் மேல்தான் சாதி நிற்கிறது. உழைக்கிறவனுக்கு உடம்பு, படிக்கிறவனுக்கு மூளை என்று அது பிரித்து வைத்திருக்கிறது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார். ஹெர்பேரியத் தாளின் அந்த ஆறு கட்டமும் அப்படி ஓர் அடுக்குதான்.

பெயர் எப்படித் திரும்பக் கிடைக்கும் என்பதற்கும் நம்மிடமே ஒரு பாடம் உண்டு. திருக்குறள் ஓலைச்சுவடியை ஆங்கிலேயர் கையில் சேர்த்து அது அச்சேற வழிசெய்தவர் கந்தப்பன். ஹாரிங்டன் என்ற வெள்ளைக்காரரிடம் பட்லராக வேலை பார்த்தவர். எல்லிஸ் துரையின் தமிழ்ப்பணியைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். கந்தப்பனைப் பற்றி நமக்கு யார் சொன்னது? அவருடைய பேரன் அயோத்திதாசப் பண்டிதர் சொன்னார். தன் பாட்டனின் பெயரை அவர் தம் எழுத்தில் பதிந்து வைத்தார். அவரும் வைத்தியர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேரன் எழுதாமல் விட்டிருந்தால், சுவடி கொடுத்தவர் 'ஒரு வேலைக்காரர்' என்று வரலாற்றில் கரைந்து போயிருப்பார். ஸ்லோனின் காலில் ஊசி வைத்த அரசியைப் போல.

லண்டனில் சில மாற்றங்கள் நடந்திருக்கின்றன. 2020இல், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் உலகெங்கும் கிளம்பிய போராட்டங்களின்போது, பிரிட்டிஷ் மியூசியம் ஸ்லோனின் மார்பளவுச் சிலையைப் பீடத்திலிருந்து எடுத்து, அடிமை முறையோடு அவருக்கிருந்த தொடர்பை விளக்கும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள் தங்கள் தொகுப்பின் காலனியக் கதையைச் சொல்ல வேண்டும் என்று மிராண்டா லோவ், சுபத்ரா தாஸ் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் 2018இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிலை தானாக நகரவில்லை. எழுதியவர்களும் தெருவில் நின்றவர்களும் சேர்ந்து நகர்த்தினார்கள். ஆனால் சிலையை நகர்த்துவதோடு வேலை முடியாது. தாள்களை எரிக்கச் சொல்லவும் இல்லை. அந்தத் தாள்கள் நமக்கு வேண்டும். அடிமைகளின் தோட்டத்தில் என்ன விளைந்தது என்பதற்கு அவைதான் மிச்சமிருக்கும் சாட்சி. சாட்சியை அழிக்கக் கூடாது, குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன்.

முதலாவது, தாவரவியல், மானுடவியல், சமூகவியல் எது படித்தாலும், களத்தில் ஒருவரிடம் தகவல் வாங்கினால் அவர் சம்மதத்தோடு அவர் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதுங்கள். துறை தரும் சீட்டில் கட்டம் இல்லையென்றால் கீழே ஒரு கோடு போட்டு 'சொன்னவர்' என்று சேருங்கள். தேர்வாளர் கேட்டால் காரணம் சொல்லுங்கள். பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மதியுங்கள். மறுக்கும் உரிமை இருக்கும் இடத்தில்தான் கொடுப்பது கொடையாகும்.

இரண்டாவது, 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின்படி உங்கள் ஊராட்சியில் ஒரு மேலாண்மைக் குழுவும், மக்களின் உயிரியல் பன்மயப் பதிவேடும் இருக்க வேண்டும். ஊர் மக்களின் செடி அறிவு அதில்தான் பதிவாகிறது. அந்தக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும், 18 சதவீதத்துக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டு விதிகளே சொல்லின. உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குழுவில் யார் இருக்கிறார்கள்? காலனிக்குள் வந்து யாரையாவது கேட்டார்களா? மருத்துவச்சியின் பெயர் இருக்கிறதா, அல்லது 'உள்ளூர் மக்கள்' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்களா? இல்லையென்றால் கிராம சபையில் எழுப்புங்கள். தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது.

மூன்றாவது, உங்கள் வீட்டிலேயே தொடங்குங்கள். ஆயாவோ தாத்தாவோ இருந்தால் செல்பேசியில் பதிவு செய்யுங்கள். செடியின் பெயர், எதற்குப் பயன், யாரிடம் கற்றார் என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்வியை விடாதீர்கள். அதற்கு வரும் பதிலில்தான் எவரும் எழுதாத பெயர்கள் இருக்கும்.

என் ஆயாவின் பெயர் முனியம்மா. அவரிடம் கேட்டபோது, தனக்குச் செடி காட்டியவர் அவருடைய அத்தை காசியம்மா என்றார். அந்த அத்தைக்கு யார் காட்டியது என்று கேட்டேன். "அது பண்ணையில இருந்த ஒரு கெழவிடா, பேரு வாயில வருது, வரமாட்டேங்குது" என்றார். மூன்று நாள் கழித்து, விடியற்காலையில் என்னை எழுப்பிச் சொன்னார்: "சடைச்சி."

எழுதி வைத்திருக்கிறேன்.

ஜெய் பீம்.